கிழக்குக் கரையில் என்ன இருக்கிறது

அசங்கோ,
16 ஜனவரி 2012

அன்புத் தங்கை அராபாவுக்கு,

அண்ணன் ஃபீஃபி எழுதுவது. நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உன் மகள் மன்சா இன்னும் மீன் முள்ளுக்குப் பயந்து தட்டைத் தள்ளிவிடுகிறாளா? உங்கள் ஊருக்குத் தொலைபேசிக் கோபுரம் இந்த வருடம் கட்டாயம் வரும் என்று போன வருடம் சொன்ன அதே ஆள் இந்த வருடமும் சொல்கிறார். அதுவரை நமக்கு டிரைவர் அம்போஃபோவின் வண்டிதான் தபால். கவரைக் கொடுக்கும்போது அவருக்கு இரண்டு உருண்டை சோளமாவுக் கெங்கேயும் ஒரு துண்டு கருவாடும் கொடுத்துவிடு. வெறுங்கையோடு கொடுத்தால் கடிதம் அவர் இருக்கைக்கு அடியில் ஒரு வாரம் தூங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்வி அலுவலகத்தில் என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புக்கு ‘நம் மாவட்டம்’ என்று ஒரு சின்னப் புத்தகம். ஆறு, மேடு, ஊர், பாதை, பயிர், தொழில் எல்லாம் படங்களோடு முப்பது பக்கம். மே மாதத்துக்குள் அச்சாக வேண்டும். மாவட்டத்திலேயே மூன்றாம் வகுப்பை உருப்படியாக நடத்துகிற ஆள் நீதான் என்று மேற்பார்வையாளரே சொல்கிறார். அதனால் பாடுக்ரோமும் அபோசு ஆறும் வருகிற பக்கத்தை நீ எழுதிக் கொடு. பிள்ளைகளை வரையச் சொல்லி ஒரு வரைபடமும் சேர்த்து அனுப்பு.

தாய்மாமா இறந்துபோன பிறகு குடும்பத் தலைவர் பொறுப்பும் என்மேல் விழுந்ததில் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவே நேரம் வாய்ப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதே. மன்சாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
ஃபீஃபி


பாடுக்ரோம்,
29 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

அராபா எழுதிக்கொள்வது. நானும் மன்சாவும் சுகம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. மன்சாவுக்கு மீன் முள் பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஆற்றில் மீன் இல்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்.

உன் புத்தகம் எப்படி இருந்தாலும் இப்போது இருப்பதைவிட நன்றாகத்தான் இருக்கும். இருக்கிற புத்தகத்தில் முதல் பாடம் ரயில் நிலையம். இந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட ரயிலைப் பார்த்ததில்லை. ரயில் நிலையத்துக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன என்று தேர்வில் கேட்கிறார்கள். தன் வீட்டுக்கு வடக்கே என்ன என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையச் சொன்னேன். நாற்பத்தொரு பிள்ளைகளும் வரைந்தார்கள். பெட்டியில் பழுப்புக் கிரேயான்கள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டன, நீலத்தை ஒருவரும் தொடவில்லை. ஆற்றைப் பார்த்தால் உனக்கே புரியும். மேலே எங்கோ தங்கத்துக்காக மெஷின் வைத்துக் கரையைக் கிண்டுகிறார்கள். தண்ணீர் பாலில்லாத கோகோ மாதிரி வருகிறது. அதில் சோறு பொங்கினால் டீசல் வாடை. அதில் துவைத்த துணியை மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. தலைமையாசிரியர் பெயின்ட்சிலிடம் சொன்னேன். “நமக்கெதுக்கு டீச்சர் வம்பு, நாம பாடத்தப் பாப்போம்” என்றார். போன மாதம் மெஷின்காரர்கள் பள்ளிக்கு என்று கொடுத்த அரிசி மூட்டை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

இன்னொரு தலைவலி வியாழக்கிழமை. ஆறு ஓய்வெடுக்கிற நாள் என்று நம் ஊர் கரைப்பக்கமே போகாது, உனக்குத் தெரியாததா. அக்கரைக் குடியிருப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரும் அன்றைக்கு வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் வாரம் தவறாமல் பதினான்கு சுழியம். வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு படிப்பு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

நீ கேட்ட பக்கத்தையும் வரைபடத்தில் நல்லதாக மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். அக்கரைப் பெண் டாவியா வரைந்ததைப் பார். வீட்டிலிருந்து நம் குடும்பப் புல்வெளி வழியாக மரப்பாலம் வரைக்கும் எத்தனை அடி என்று எண்ணி எழுதியிருக்கிறாள். எட்டு வயது. மன்சாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறாள்.

அன்புடன்,
அராபா


அசங்கோ,
20 பிப்ரவரி

அன்புத் தங்கை அராபாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், சின்னவனுக்கு மட்டும் மலேரியா வந்து போனது. உன் இடுப்புக்கு இந்தத் தைலத்தைத் தடவு. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதே, தடவு போதும்.

நீ எழுதிய பக்கத்தை மேற்பார்வையாளர் மிகவும் ரசித்தார். வரைபடத்தில் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்திருக்கிறேன். ஆற்றுக்கு நீலம். புத்தகம் அக்ரா அமைச்சகம் வரை போகும், பழுப்பு ஆற்றைப் பார்த்தால் அச்சுக்காரன் மை கலந்தது சரியில்லை என்று நினைப்பார்கள். கிழக்குக் கரையில் பிள்ளைகள் ஏதேதோ வட்டங்கள் போட்டிருக்கிறார்கள். அவை என்னவென்று புரியவில்லை, எடுத்துவிட்டேன். அங்கே ‘கோகோ தோட்டமும் புல்வெளியும்’ என்று போட்டிருக்கிறது, அதுதானே உண்மை.

டாவியா கெட்டிக்காரிதான். அடிக்கணக்குக்குப் புத்தகத்தில் இடமில்லை என்று சொல்.

மன்சாவை ஈஸ்டருக்கு அனுப்பி வையேன்.

உன் அண்ணன்,
ஃபீஃபி


பாடுக்ரோம்,
4 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னவன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். தைலம் எரிகிறது, வலி எரிச்சலில் மறந்துபோகிறது. நாங்கள் சுகம்.

அந்த வட்டங்கள் குழிகள். புரியவில்லை என்று எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். மெஷின்காரர்கள் மேலே இருந்து இறங்கி நம் புல்வெளிக்கே வந்துவிட்டார்கள், அண்ணா. மாமாவின் புல்வெளிக்கு. நான் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். வீடு முங்குகிற ஆழத்துக்கு வெட்டி, தங்கத்தை அலசி எடுத்துக்கொண்டு, மூடாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், ஊறிச் செத்த தவளைகள். பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பக்கத்துக் காற்றே குமட்டுகிறது.

நான் வாரம் இரண்டு முறை, புதனும் வெள்ளியும், பிள்ளைகளை வழி வரைய வைக்கிறேன். பார்த்துப் பார்த்து வரையட்டும் என்றுதான். வாரத்துக்கு ஒரு வட்டம் கூடிக்கொண்டே வருகிறது. இதுவரை ஆறு. பாதையை இன்னும் தொடவில்லை, பிள்ளைகள் குழிகளுக்கு நடுவே வழக்கமான வழியிலேயே வந்து போகிறார்கள்.

யார் அனுமதி கொடுத்தது? அது குடும்ப நிலம். குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மண்வெட்டிகூட வைக்கக் கூடாது. உன்னைக் கேட்காமல் உன் நிலத்தை வெட்டுகிறார்கள், நீ நீலம் அடித்துக்கொண்டிருக்கிறாய். நில அலுவலகம் உன் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடம்தானே. போய் விசாரித்து எழுது. புத்தகத்திலும் குழிகளைக் காட்டு. வெளியூரிலிருந்து வருகிற பிள்ளை அந்தப் படத்தை நம்பி நடக்கக் கூடாது.

உன் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது, வருகை குறைந்த பள்ளிகளுக்கு மூன்றாம் பருவத்தில் ஆசிரியர் குறைப்பு என்று. எங்கள் இரண்டு பேரில் ஒருவரைக் குறைத்தால் மூன்றாம் வகுப்பே இருக்காது. அதனால் அக்கரைப் பெற்றோரிடம் பேசப்போகிறேன். பாலத்தில்தானே வருகிறார்கள், தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. வியாழக்கிழமையும் அனுப்பட்டும்.

மன்சா ஈஸ்டருக்கு வர மாட்டாள். டாவியாவோடு சேர்ந்து ஊர் முழுக்க அடி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அராபா


அசங்கோ,
2 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அச்சகத்தோடு மல்லுக்கட்டு. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மன்சாவுக்கு ஈஸ்டர் கவுன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொன்னேன், அடுத்த வருடமும் ஆகும்.

வியாழக்கிழமை விஷயம். அதை விட்டுவிடு, அராபா. ஊர் வழக்கத்தில் கை வைக்காதே. ஆறு ஓய்வெடுக்கிற நாளில் கரையில் ஆள் நடமாட்டம் கூடாது என்றால் கூடாதுதான். பெரியவர்கள் காரணம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆசிரியர் குறைப்பு உங்கள் பள்ளிக்கு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றதை விசாரிக்கிறேன்.

ஃபீஃபி


பாடுக்ரோம்,
15 ஏப்ரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

கவுன் அழகாக இருக்கிறது. மன்சா அதைக் கழற்ற மறுத்து, அதோடேயே தூங்கி, அதோடேயே செம்பனைச் சாற்றைக் கொட்டிக்கொண்டாள். அண்ணிக்கு என் நன்றி.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நீயா? வியாழக்கிழமை வியாழக்கிழமையாக ஆற்றில் குதித்துக் குளித்து, மாமா துரத்தத் துரத்தத் தலையை முக்கிக்கொண்டு கிடந்தவன்தானே நீ? நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்தி முளைத்துவிட்டதாக்கும். சுற்றறிக்கை அனுப்புகிறதும் உன் அலுவலகம், வழக்கத்தைத் தொடாதே என்கிறவனும் நீ. சீ, எந்தப் பக்கம் கேட்பது.

விசாரிக்கிறேன் என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கிறாய். மாமாவின் நிலத்துக்கு உன்னிடம் இருப்பது அவ்வளவுதானா? குழி இப்போது பதினொன்று.

பெற்றோரிடம் பேசியாகிவிட்டது. ஆற்றுப் பூசாரி லேசில் மசியவில்லை. ஒரு பாட்டில் ஜின் வாங்கிக்கொண்டு போனேன். கரையில் ஊற்றி வேண்டிக்கொண்டு, கடைசியில் சொன்னார், “பாலத்து மேல நடந்தா ஆத்தத் தொட்டதா ஆகாது டீச்சர். ஆனா பிள்ளைங்க சத்தம் போடாம போகணும், தூங்குற ஆள எழுப்பாம போற மாதிரி.” டாவியாவின் அப்பா நியமெக்கேதான் கடைசி வரை பிடிவாதம் பிடித்தார். அவர் மூன்று வருடம் முன்னால் கோகோ பயிர் வைக்க வந்தவர், நம் ஆற்றுக்கு நம்மைவிட அதிகமாகப் பயப்படுகிறார். “ஒங்க பொண்ணு மாதிரி பாத்துக்குவீங்கன்னா அனுப்பறேன்” என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

மே பத்தாம் தேதி, மூன்றாம் பருவத்தின் முதல் வியாழக்கிழமையிலிருந்து வருவார்கள்.

அராபா


அசங்கோ,
7 மே

அராபா,

புத்தகம் வந்துவிட்டது. உன் பள்ளிக்கு நாற்பத்தைந்து பிரதி அம்போஃபோவிடம் கொடுத்திருக்கிறேன். உன் பெயரும் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமைப் பள்ளியை ஜூன் முடியும் வரை தள்ளிப் போடு. காரணம் கேட்காதே. அண்ணன் சொல்கிறேன், கேள். உடனே எழுத நினைத்து வண்டி கிளம்புகிற நேரத்தில் எழுதுகிறேன், சுகம் விசாரிக்கக்கூட நேரமில்லை.

ஃபீஃபி


பாடுக்ரோம்,
27 மே

அண்ணனுக்கு,

மன்சாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை.

உன் கடைசிக் கடிதம் ஒன்பதாம் தேதியே கிடைத்தது. படித்தேன், எரிச்சலாக இருந்தது, புத்தகக் கட்டின்மேல் போட்டுவிட்டேன். பத்தாம் தேதி பதினான்கு பிள்ளைகளும் வந்தார்கள். அன்று மழை, மெஷின் வரவில்லை போலிருக்கிறது. நல்லபடியாக வந்து நல்லபடியாகப் போனார்கள். நான் பெயின்ட்சிலிடம் பதிவேட்டைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பதினேழாம் தேதியும் வந்தார்கள். காலையில் வெயில். அவர்கள் பாலம் தாண்டி வந்த பிறகு மெஷின் புல்வெளியில் இறங்கியிருக்கிறது. வியாழக்கிழமை ஆற்றங்கரையில் என்ன சத்தம் கேட்டாலும் போய்ப் பார்க்க நம் ஊரில் யாருக்கும் கால் வராது, மேலேயும் மெஷின் ஓடுவதால் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் புதுப் புத்தகத்தை வைத்து நம் மாவட்டத்தின் பாதைகளை நடத்திக்கொண்டிருந்தேன். மதியம் பெருமழை. மழையில் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மணிக்குப் பிள்ளைகளை விட்டேன். காலையில் அவர்கள் நடந்து வந்த பாதை மூன்று மணிக்கு அங்கே இல்லை. அதன்மேலேயே வெட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து, புல்லோடு சமமாக, சாதாரணத் தேக்கம் மாதிரி கிடந்திருக்கிறது. டாவியா முன்னால் நடந்திருக்கிறாள். வழி அவளுக்குத்தானே அடி அடியாகத் தெரியும்.

நியமெக்கேயும் இன்னும் நான்கு பேரும் கயிறு கட்டி இறங்கினார்கள். மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. நான் விளிம்பில் நின்றேன். நியமெக்கே பிள்ளையின் வாயிலிருந்த மஞ்சள் மண்ணை விரலால் வழித்து வழித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து வந்து, பழைய வரைபடங்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். புதன்கிழமைப் படத்தில் இல்லாத குழி வெள்ளிக்கிழமைப் படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும். எந்த நாளில் வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் எனக்கு மூன்று மாதமாக வரைந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வரைபடம் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். என்மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

இனி உன் பங்கு. மெஷினுக்குக் காவலிருந்த ஆளை ஊர் பிடித்துவைத்தது. அவன் சட்டைப்பையிலிருந்து அனுமதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினான். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னை வாசிக்கச் சொன்னார்கள். பள்ளி முற்றத்தில் எல்லோரும் சுற்றி நின்றார்கள், நியமெக்கேயும் அவர் மனைவியும் முன்னால். மன்சா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை வியாழக்கிழமைகளில் மட்டும், ஊரார் கரைக்கு வராத நாளில், ஜூன் கடைசி வரை என்று எழுதியிருந்தது. அடியில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உன் பெயர், உன் கையெழுத்து. அப்பா ஊரில் இல்லாதபோது என் மதிப்பெண் அட்டையில் நீ போட்டுக்கொடுப்பாயே, அதே கையெழுத்து.

எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். “இது யாரு டீச்சர்?” என்று நியமெக்கே கேட்டார். “மழையில நனைஞ்சிருக்கு, சரியாத் தெரியல” என்றேன்.

அப்படிச் சொன்ன வாயை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்திருந்தது. நான் வியாழக்கிழமை என்று எழுதிய உடனேயே தெரிந்திருந்தது. வழக்கம், பெரியவர்கள் என்று எழுத முடிந்த கைக்கு, அங்கே மெஷின் வரும் என்று எழுத முடியவில்லை. ஒரே ஒரு வரி, அண்ணா.

நீயே வா. வந்து நியமெக்கே முன்னால் நின்று உன் வாயால் சொல். நான் சொல்ல வேண்டிய நிலைமையை வைக்காதே.

அராபா


அசங்கோ,
18 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். உன் அண்ணிக்கு எதுவும் தெரியாது. நீ திடமாக இருக்க வேண்டும். மன்சாவை நன்றாகச் சாப்பிட வை.

அந்தப் பிள்ளைக்காக நான் அழுதேன். நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். துக்கத்துக்கு ஒரு மூட்டை அரிசியும் கறுப்புத் துணியும் அனுப்பியிருக்கிறேன், பள்ளியின் பெயரால் கொடுத்துவிடு.

நான் உன்னைத் தடுத்தேன், அராபா. இரண்டு முறை எழுதினேன். இன்னும் எப்படி எழுதியிருக்க முடியும்? கடிதம் டிரைவர் கையில், கிளீனர் கையில் எல்லாம் போகிறது. சில விஷயங்களைக் காகிதத்தில் வைக்க முடியாது.

கையெழுத்துப் போட்டது எனக்காக இல்லை. யோசித்துப் பார். அந்த நிலத்தில் என் பிள்ளைகளுக்கு ஒரு பிடி மண்ணுக்குக்கூட உரிமை கிடையாது. நம் தாய்வழி முறைப்படி எனக்குப் பிறகு அது உன் வழியாக மன்சாவுக்குத்தான். வெறும் புல்லாகக் கிடந்த நிலம் அவளுடைய படிப்புக்காவது ஆகட்டும் என்று நினைத்தேன். தோண்டியதும் மூடிவிடுவோம் என்று அந்த ஆள் சத்தியம் செய்தான். ஏமாந்தேன். மனிதன் ஏமாறுவதே இல்லையா?

நீ பெயரை வாசிக்காமல் விட்டதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அதை அப்படியே விடு. போன உயிர் வரப்போவதில்லை, இரண்டாவதாக ஒரு குடும்பம் ஏன் நாசமாக வேண்டும்? இங்கே நகரத்துப் பள்ளியில் ஒரு இடம் காலியாகிறது. செப்டம்பரில் உன்னை மாற்றிக் கொண்டுவர என்னால் முடியும். குழாய்த் தண்ணீர், வீடு, மன்சாவுக்கு நல்ல பள்ளி. யோசித்து எழுது.

உன் அண்ணன்,
ஃபீஃபி


பாடுக்ரோம்,
22 ஜூலை

அண்ணனுக்கு,

உன் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் இதை நீ உட்கார்ந்து படித்துவிட வேண்டும்.

அரிசியையும் துணியையும் அம்போஃபோவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நியமெக்கே வீட்டுக்கு என்று அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பாதி வழியில் பெயின்ட்சில் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்த மூட்டை நினைவுக்கு வந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாற்றலைப் பற்றி யோசித்து எழுதச் சொன்னாய். யோசித்தேன், அதுதான் வெட்கக்கேடு. விசாரணைக்கு அதிகாரி இந்த மாதம் இருபத்தாறாம் தேதி வருகிறார், தெரிந்ததை எழுதித் தரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பத்திரம் இப்போது ஊரார் கையில் இல்லை, காவலாளியோடு அதுவும் காணாமல் போய்விட்டது. அதில் யார் பெயர் இருந்தது என்று சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். ஒரு மாதமாகத் தாளை எடுப்பேன், அன்புள்ள ஐயா என்று எழுதுவேன், மடித்துவைத்துவிடுவேன். நீ ஒருவன்தானே எனக்கு அண்ணன். குழாய்த் தண்ணீரையும் நினைத்தேன்.

பருவத் தேர்வு போன வாரம் நடந்தது. கேள்வித்தாள் உன் அலுவலகத்திலிருந்து வந்தது, உன் புத்தகத்தை வைத்துத் தயாரித்தது. ஐந்தாவது கேள்வி: அபோசு ஆற்றின் கிழக்குக் கரையில் என்ன இருக்கிறது? விடைக்குறிப்பில், கோகோ தோட்டமும் புல்வெளியும்.

நாற்பது பிள்ளைகள் எழுதினார்கள். முப்பத்தொன்பது பேர் குழி என்று எழுதியிருந்தார்கள். சிலர் எத்தனை என்று எண்ணிக்கையும் போட்டிருந்தார்கள். உன் குறிப்பின்படி முப்பத்தொன்பது பேருக்கும் சுழியம். ஒரே ஒரு பிள்ளை மட்டும் குண்டு குண்டாக அழகாகக் ‘கோகோ தோட்டமும் புல்வெளியும்’ என்று எழுதியிருந்தது. பெயரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து மன்சாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள் போல என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன், அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்று.

“தெரியும்மா. டாவியா விழுந்த குழி இருக்கு.”

“அப்புறம் ஏன் அப்படி எழுதின?”

“குழின்னு எழுதினா யாரு வெட்டச் சொன்னதுன்னு கேப்பாங்கல்ல? மாமா பேரச் சொல்லணும்.” என் முகத்தைப் பார்த்தபடி கிட்டே வந்தாள். “நீயும் அன்னைக்கு எல்லாத்தையும் வாசிச்சிட்டு மாமா பேர மட்டும் விட்டுட்டல்ல. எனக்குத் தெரிஞ்சுதும்மா, கவுன் பார்சல்ல அதே கையெழுத்துதான் போட்டிருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. டாவியா அம்மா கேட்டப்பகூடச் சொல்லல.”

நான் பாராட்டுவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள், அண்ணா.

இத்தனை மாதமாக ஆற்றைப் பார்த்து, குழியைப் பார்த்து, பெயின்ட்சிலைப் பார்த்து, உன்னைப் பார்த்து எனக்குக் குமட்டியது. அதெல்லாம் ஒன்றுமில்லை. என் பிள்ளை என் முகத்தைப் பார்த்து அப்படி நின்றபோது வந்ததுதான் குமட்டல். நீயும் நானும் சேர்ந்து சொல்லிக் கொடுத்த ஒரே பாடத்தை அவள் பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டாள்.

முப்பத்தொன்பது பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். மன்சாவுக்குச் சுழியம். அதையும் அவளிடமே சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். நிறைய அழுதாள். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு மரப்பாலத்தைத் தாண்டி நியமெக்கே வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் மனைவியும் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரம் நனைந்திருக்கவில்லை, பெயர் தெளிவாகத் தெரிந்தது, அது என் அண்ணன் பெயர், நான்தான் வாசிக்காமல் விட்டேன் என்று நின்றபடியே சொன்னேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். நியமெக்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மன்சாவைப் பார்த்து, “ஒனக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். மன்சா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று காலை அதிகாரிக்கு எழுதி முடித்துவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது அது அவர் கைக்குப் போயிருக்கும். ஃபீஃபி எசெல், குடும்பத் தலைவர், கல்வி அலுவலகம், அசங்கோ. மன்சா பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு எழுத்தாக உன் பெயரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அராபா